வெறிப் பாடல்களில் நகையும் அச்சமும்

களவுக் காலத்தில் தலைமகளின் மேனி வாடுகிறது; வளை நெகிழ்கிறது. காரணம் அறியாத தாய் அஞ்சுகிறாள். கட்டுவிச்சி நெல்லைப் பரப்பி எண்ணிக் குறி பார்க்கிறாள். வேலன் கழங்கு கொண்டு பார்க்கிறான். இருவரும் கூறும் விடை ஒன்றே: இது முருகனால் வந்தது. முற்றத்தில் மணல் பரப்பிக் களம் இழைக்கின்றனர், மறி அறுக்கப்படுகிறது, குருதி கலந்த தினை தூவப்படுகிறது, கடம்பு சூடிய வேலன் ஆடத் தொடங்குகிறான். நோய் தந்தவன் மலைநாட்டு இளைஞன் ஒருவன் என்பதைத் தலைமகளும் தோழியும் மட்டுமே அறிவர். சங்க அகப்பாடல்களில் வெறியாட்டு என வழங்கும் சூழல் இதுவேயாகும்.

இச்சூழலை விளக்குவோர் பெரும்பாலும் இரு வழிகளில் செல்கின்றனர். ஒரு சாரார் இதனைப் பகுத்தறிவின் குரலாகக் கொள்வர். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே தமிழ்ப்பெண் மூடநம்பிக்கையை எள்ளி நகையாடினாள் என்பது அவர்தம் கூற்று. மேடைகளிலும் வகுப்பறைக் குறிப்புகளிலும் இக்கூற்றை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். மற்றொரு சாரார் இப்பாடல்களைப் பழந்தமிழர் சமயத்துக்கும் சடங்குக்கும் உரிய சான்றாக மட்டும் கொண்டு மறி, கடம்பு, கழங்கு, தினை எனப் பொருள்களைப் பட்டியலிட்டு அமைவர். முதல் வழியில் அச்சம் காணாமற் போகிறது. இரண்டாம் வழியில் நகை காணாமற் போகிறது. இரண்டையும் இழந்தபின் எஞ்சுவது பாடல் அன்று.

தமிழைத் தாய்மொழியாகக் கொள்ளாத ஆசிரியர்க்கு இப்பாடல்களைக் கற்பித்த காலத்தில் வகுப்பில் எழுந்த வினா ஒன்று இக்கட்டுரைக்குத் தூண்டுகோலாயிற்று. 'இந்தப் பெண்ணுக்கு முருகன்மேல் நம்பிக்கை உண்டா, இல்லையா?' என்று ஒருவர் கேட்டார். உண்டு என்றால் அவள் ஏன் சிரிக்கிறாள்? இல்லை என்றால் ஏன் அஞ்சுகிறாள்? அன்று தகுந்த விடை கூற இயலவில்லை. பின்னர்ப் பாடல்களை மீண்டும் பயின்றபோது, வினாவில் தவறில்லை, அதற்கு நாம் வழக்கமாகத் தரும் விடைகளே போதாதவை எனத் தோன்றியது. வெறிப் பாடல்கள் காதலும் நம்பிக்கையும் அச்சமும் ஒன்றோடொன்று பிணைந்த நகைச்சுவைப் பாடல்கள். அந்த நகை தெய்வத்தை எள்ளுவதால் பிறப்பதன்று. சொல்ல இயலாத உண்மை ஒருபுறமும் எல்லாரும் சொல்லும் தவறான விளக்கம் மறுபுறமுமாக நிற்க, இடையே மொழி படும் பாட்டிலிருந்து பிறப்பது. இதனைச் சில பாடல்களின் சொல்லமைப்பைக் கொண்டு காட்டுவதே இங்கு நோக்கம்.

நகையும் அச்சமும் எவற்றால் பிறக்கும் என்பதைத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் வரையறுத்துள்ளது. நகைக்கு நிலைக்களன்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் ஆகிய நான்கும், அச்சத்துக்கு அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை ஆகிய நான்கும் அங்கே கூறப்படுகின்றன. நகையின் நான்கனுள் எள்ளல் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு வெறிப் பாடல்களைப் படிப்பதே முதல் சாராரின் குறை. மடன் என்பதற்கு மரபில் வழங்கும் விளக்கம் இங்குக் கருதத்தக்கது: பிறர் அறிவுறுத்தியதை ஏற்று, ஏற்றதை விடாது பற்றி நிற்றல். தாய், கட்டுவிச்சி சொன்னதைப் பற்றி நிற்கிறாள். வேலன், கழங்கு காட்டியதைப் பற்றி நிற்கிறான். இது எள்ளத்தக்க அறிவின்மை என்பதைவிடக் கைவிட முடியாத பிடிப்பு என்பதே பொருந்தும். மேலும் அச்சம், நாண், மடன் ஆகிய மூன்றையும் பெண்ணுக்குரிய பண்புகளாகக் களவியல் வகுத்துள்ளது. வெறிப் பாடல்களில் இம்மூன்றும் இடம் மாறி நிற்பதைப் பின்னர்க் காண்போம். தெய்வமே மடன் உடையதாகிறது.

அணங்கியது யார்?

இப்பாடல்களின் மையச் சொல் அணங்கு. இச்சொல்லைப் பற்றிய ஆய்வு ஒரு காலத்தில் பெண்ணை நோக்கியே நடந்தது. ஜார்ஜ் ஹார்ட் 1975இல் வெளியிட்ட நூல் அணங்கைப் பெண்ணிடத்து உறையும் அச்சந்தரும் புனித ஆற்றலாக விளக்கி, அவ்விளக்கம் அயலக ஆய்வுலகில் பரவக் காரணமாயிற்று. வி. எஸ். இராசம் 1986இல் எழுதிய கட்டுரை அச்சொல்லின் பொருள் அவ்வாறு குறுக்கப்பட்டதை மறுத்தது. வெறிப் பாடல்கள் இம்மறுப்புக்கு வலுவூட்டுகின்றன. இவற்றில் அணங்கு என்பது வினையாகவும் வருகிறது. அவ்வினைக்கு எழுவாயாக நிற்பது ஆணின் மார்பு. அணங்கிய, அணங்கியோன் முதலிய வடிவங்கள் தலைவனையே சுட்டுகின்றன. திருக்குறளின் தகையணங்குறுத்தல் அதிகாரத்தில் ஆணை வருத்துபவள் பெண். இங்கு நிலை தலைகீழாகிறது. ஆகவே அணங்கு பெண்ணிடத்தோ ஆணிடத்தோ நிலையாக இருக்கும் பொருள் அன்று. ஒருவர் மற்றொருவர்மீது நிகழ்த்தும் வருத்தம். வினை ஒன்று, வினைமுதல் யார் என்பதே வழக்கு.

வழக்கு என்ற சொல்லை இங்கு வேண்டுமென்றே ஆள்கிறோம். வேலன் கூறுவதும் தோழி அறிந்திருப்பதும் ஒரே வாக்கியமே: 'மலைக்கு உரியவன் இவளை அணங்கினான்.' முருகன் குறிஞ்சிக்குத் தெய்வம். தலைவனும் குறிஞ்சி நிலத் தலைவன். வெற்பன், சிலம்பன், மலைநாடன் என்னும் தலைவன் பெயர்கள் பொருளளவில் தெய்வத்துக்கும் பொருந்துவன. ஒரு வருணனைத் தொடர் தனக்குப் பொருந்தும் எவரையும் குறிப்பதும், பேசுவோன் கருதிய ஒருவரை மட்டும் சுட்டுவதும் வேறு வேறு என்பதைக் கீத் டானலன் 1966இல் தத்துவ நோக்கில் விளக்கினார். அதற்கு இதனினும் ஏற்ற எடுத்துக்காட்டுக் கிடைப்பது அரிது. வேலன் பொய் சொல்லவில்லை. அவன் சொல் உண்மை, சுட்டியது மட்டும் வேறு ஆள்.

இதனைத் தெளிவாக அறிந்து பாடியவர் கபிலர். ஐங்குறுநூற்றில் 241 முதல் 250 வரையுள்ள வெறிப்பத்தின் இறுதிப் பாடலில் பேச்சு வேலனை நோக்கியதன்று, கழங்கை நோக்கியது. பொய் அறியாத கழங்கே என அதனை விளித்து, வள்ளி மலர்ந்த எம் கானத்துக்கு உரியவனே இவளை அணங்கியவன், அவன் வேள் அல்லன் என்கிறது பாடல். கழங்கை மறுக்கவில்லை, பொய்யறியாதது என்ற பாராட்டைக் கொடுத்தே மறுப்பைச் சொல்கிறது. கானத்துக்கு அடையாக வள்ளியை வைத்தது தற்செயல் எனக் கொள்வதற்கில்லை. வள்ளி இங்குக் கொடிதான். எனினும் வள்ளி பூத்த காட்டுக்கு உரியவன் என்றவுடன் கேட்போர் நெஞ்சில் எழுவது முருகனே. அந்த எண்ணம் எழுந்தபின் வருகிறது 'அல்லன்' என்னும் எதிர்மறை. வருணனை இருவருக்கும் பொருந்துவதால்தான் எதிர்மறை தேவைப்படுகிறது. பொருந்தாத ஒருவனை அல்லன் என்று மறுக்க வேண்டியதே இல்லை. இப்பத்தில் வேறோரிடத்தில், வேலன் கழங்கினால் இதனை அறிவான் என்றால் இவளது நலம் மிக நன்றே என்னும் வஞ்சப்புகழ்ச்சியும் உண்டு (249). ஆனால் 250இன் நுட்பம் அதற்கு இல்லை.

வெறி, முருகு ஆகிய சொற்களும் இவ்வாறே இரட்டைப் பொருள் சுமந்தவை. வெறி சாமியாடுதலையும் குறிக்கும்; நறுமணத்தையும் குறிக்கும். முருகு தெய்வத்தையும் அதற்குரிய விழாவையும் மணத்தையும் குறிக்கும். மலையாளத்தில் வெறி மயக்கத்தையும் பித்தையும், தெலுங்கில் வெர்ரி பைத்தியத்தையும் பேதைமையையும் குறிக்கின்றன. தெலுங்கு வழக்கு பேதைமைப் பக்கம் சாய்ந்திருப்பது நம் பொருளோடு ஒட்டிய செய்தி. ஆயினும் அதிலிருந்து பழந்தமிழ் வழக்கை ஊகிப்பது முறையாகாது. தமிழிலேயே வேண்டிய சான்று உள்ளது. அகநானூறு 98இல் வேலன் ஆடும் களத்துக்கு வெறி என்னும் சொல் அடையாகிறது; சில அடிகள் கழித்து அதே சொல் முருகனது மணத்தைக் குறிக்கிறது. தலைவன் வரும்போதும் சந்தன மணத்தோடே வருவான் என்பதை நினைவிற் கொண்டால், வீட்டார்க்கு ஆட்டமாகத் தெரிவது தலைவிக்கு வேறொன்றாகத் தெரிவதை உணரலாம்.

சொல்லாமற் சொல்லுதல்

தோழியின் சிக்கல் எளிதன்று. உண்மையைச் சொன்னால் தலைவியின் நாண் கெடும். சொல்லாவிடில் வெறி நடக்கும். வெறியை நிறுத்து என நேரே சொல்லவும் அவளுக்கு உரிமையில்லை. களத்தில் பெரியோர் கூடியுள்ளனர். உரைமரபு வெறிவிலக்கல் எனக் குறிப்பிடும் இச்செயல், விலக்குதல் என்னும் வினை ஒருமுறையும் வெளிப்படாமலே நிகழ்த்தப்பட வேண்டியது. இங்குத்தான் புலவர்களின் மொழித்திறன் வெளிப்படுகிறது.

வேம்பற்றூர்க் கண்ணன் கூத்தன் பாடிய குறுந்தொகை 362ஐக் காண்போம். தோழி வேலனை விளிக்கிறாள். அறிவு வாய்ந்தவன் எனப் பொருள்படும் அடைமொழி தருகிறாள். சினம் கொள்ளாதே, வினவுவது ஒன்று உண்டு என்கிறாள். இவை பணிவுச் சொற்கள். அடுத்துப் பல நிறச் சோற்றையும் சிறு மறியையும் சொல்லி, இவள் நுதலைத் தடவி வணங்கி நீ பலி கொடுக்கிறாய் என்றால், இவளை அணங்கிய சிலம்பனது மாலையணிந்த மார்பும் அப்பலியை உண்ணுமோ என்று கேட்கிறாள். இலக்கண நோக்கில் இது ஒரு வினா மட்டுமே. ஐயம் எழுப்பப்படுவது உண்ணுதலைப் பற்றி. ஆனால் தாய் கேட்டு அதிர வேண்டிய செய்தி வினாவில் இல்லை. அணங்கிய என்னும் பெயரெச்சத்தில் இருக்கிறது. பெயரெச்சத்தில் வைத்த செய்தி, கேட்போர் ஏற்கெனவே அறிந்ததாகக் கொள்ளப்படும். அதனை மறுக்க வேண்டுமானால் வினாவையே நிறுத்திவைத்துவிட்டுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும். 'உண்ணும்' என்று வேலன் சொன்னாலும், 'உண்ணாது' என்று சொன்னாலும், சிலம்பன் ஒருவன் அணங்கினான் என்பதை ஒப்புக்கொண்டவனாகிறான். வழக்கறிஞர் குறுக்கு விசாரணையில் கையாளும் வினாவமைப்பு இது.

மார்பு என்னும் பொருளுடைய சொல்லோடு சேர்ந்த உம்மையும் இங்கு நோக்கத்தக்கது. மார்பும் உண்ணுமோ என்றதனால், முருகன் உண்ணுவான் என்பது மறுக்கப்படவில்லை. தெய்வத்துக்குப் பலி உண்டு. இந்த மார்புக்கும் உண்டோ என்பதே கேள்வி. தெய்வம் இல்லை எனக் கருதும் ஒருத்தி இந்த உம்மையை இட்டிருக்க மாட்டாள். உம்மையை நீக்கிப் பாடலைச் சொல்லிப் பார்த்தால் எள்ளல் மிகும், நகை குறையும். மார்பு வாய் திறந்து சோறும் குருதியும் உண்ணும் காட்சியைக் கற்பனை செய்யுமாறு வேலனையே அழைப்பதில்தான் சிரிப்பு உள்ளது. அவன் சினம் கொள்ளாதிருக்கத் தோழி முன்னமே காப்புச் சொன்னது ஏன் என்பதும் அப்போதே விளங்கும்.

ஔவையார் பாடிய குறுந்தொகை 23இல் செய்தி இன்னும் சிறிய இடத்தில் ஒளிந்துள்ளது. நரைத்த கூந்தலையுடைய அகவன் மகள் குறி பார்க்கும்போது மலைகளைப் பாடுகிறாள். தோழி அவளை மீண்டும் மீண்டும் விளித்து, அவருடைய நெடிய குன்றத்தைப் பாடிய பாட்டை இன்னும் பாடு எனக் கேட்கிறாள். வேண்டுகோள் தீங்கற்றது, குறி பார்ப்பவளைப் பாடச் சொல்வதில் யாரும் குறை காண முடியாது. ஆனால் 'அவர்' என்னும் படர்க்கைப் பெயருக்கு முன்னே பெயர் எதுவும் இல்லை. எவர்? கேட்டுக்கொண்டிருக்கும் செவிலி இவ்வினாவைக் கேட்டே ஆக வேண்டும். கேட்டால் உண்மை வெளிப்படும். அப்போதும் தோழி தானாக எதையும் சொன்னவளாக மாட்டாள். களவு ஒன்றை வெளிப்படுத்த ஒரே ஒரு படர்க்கைப் பெயரைச் செலவிட்ட பாடல் இது. தெய்வப் பாட்டுக்கு நடுவே அச்சொல் வருவதால் 'அவர்' முருகனாகவும் இருக்கலாம் என்னும் இடமும் விடப்பட்டுள்ளது. செவிலி கேளாமல் விட்டாலும் எவர்க்கும் நாண்கேடு இல்லை. தோழி தனக்குப் பின்வாங்கும் வழியையும் வைத்துக்கொண்டே பேசுகிறாள்.

தீன்மதி நாகனாரின் குறுந்தொகை 111 நகை என்னும் சொல்லையே வெளிப்படையாக ஆள்கிறது. வேலன் இந்நோயை முருகனால் வந்தது என்கிறான், அன்னையும் அவ்வாறே உணர்கிறாள். நம் வீட்டார் நிகழ்த்தும் இப்பெருநகையைச் சிறிது காண மலைநாடன் விரைந்து வரட்டும் என்பது பாடலின் கருத்து. விளிக்கப்படுபவள் ஒருத்தி, வரவேண்டியவன் வேறொருவன். நாடகம் பார்க்க அழைப்பது போன்ற தொனி. ஆனால் அவன் வந்து பார்ப்பதற்கு வாய்ப்பு எங்கே? அவன் வரவேண்டியது வரைவுடன். நகைகாண வா என்பதன் உட்பொருள் மணம் பேச வா என்பதே. பெருநகை என்று பெரிதாகத் தொடங்கிச் சிறிது என்று முடித்ததில், சிரிப்புக்குக் கிடைத்துள்ள பொழுது குறுகியது என்னும் குறிப்பும் உள்ளது. இப்பாடலில் தலைவனது மலையிலுள்ள பாறை, துதிக்கையை மறைத்துக்கொண்ட பெண் யானையைப் போலத் தோன்றுகிறது. யானை எவ்வளவு பெரிது! அதனை யானை என்று காட்டும் உறுப்பு ஒன்றை மறைத்துவிட்டால் கண்முன் நின்றும் பாறையாகிவிடுகிறது. வீட்டிலுள்ள காதலும் அத்தகையதே. சடங்குப் பொருள்களைத் தொகுப்போர் இந்த யானையைத் தம் பட்டியலில் சேர்ப்பதில்லை.

தெய்வத்தைக் கடிதல்

பிரமசாரி பாடிய நற்றிணை 34 இவ்வரிசையில் மிகவும் துணிவானது. தோழி முருகனிடமே பேசுகிறாள். இந்நோய் நாடனது மார்பு தந்தது. உன்னால் வந்ததன்று என்பதை நீ அறிவாய். அறிந்தும் வேலன் அழைத்தான் என்று கடம்பு மாலை சூடி வந்திருக்கிறாய். நீ கடவுளே ஆயினும் ஆகுக, மடமை உடையாய், வாழ்க என்கிறாள். பகுத்தறிவுச் சான்றாக இப்பாடல் அடிக்கடி காட்டப்படுகிறது. சற்று நின்று நோக்கினால், இது இறைமறுப்புக்கு நேர் எதிரானது என்பது புலனாகும். முருகன் இருக்கிறான், அனைத்தையும் அறிகிறான், அழைத்தால் வருகிறான். அவன்மீதுள்ள குற்றச்சாட்டு, தான் செய்யாத செயலுக்கான படையலைப் பெற வந்து நிற்கிறான் என்பதே. ஊரில் ஒருவர் செய்த உதவிக்கு வேறொருவர் மாலை வாங்கிக்கொள்வதைக் கடிவது போன்ற கடிதல். மடன் என்னும் சொல், முன்னர்க் கூறியபடி, நகைக்கு நிலைக்களன். பெண்ணுக்கு இலக்கணம் விதித்த பண்பும் ஆகும். அதனை எடுத்து ஒரு பெண் ஆண்தெய்வத்தின்மேல் ஏற்றுகிறாள். ஏற்றிய உடனே வாழ்த்தும் சொல்கிறாள். இவ்வாழ்த்தை வெறும் அசைநிலை எனத் தள்ளுவது எனக்கு உடன்பாடன்று. அச்சம் தீராதவள்தான் கடிந்த வாயால் வாழ்த்துவாள்.

அப்பாடலிலேயே நாடனது மலையில் சூர்மகள் அருவியின் ஒலியை இன்னியமாகக் கொண்டு ஆடுகிறாள். அதாவது உண்மையான ஆட்டம் தலைவனது மலையில் நிகழ்கிறது. வீட்டு முற்றத்தில் நிகழ்வது அதன் போலி. முருகன் வந்த இடம் தவறு.

சடங்கு மட்டுமே நகையை விளைவிக்காது என்பதற்குத் திருமுருகாற்றுப்படை நல்ல சான்று. அங்கும் மறி உண்டு, தினை உண்டு, கோழிக்கொடி உண்டு, வெறியாடு களம் உண்டு. குறமகள் நின்று நடத்துகிறாள். ஆனால் சிரிப்பு இல்லை. பொருள்கள் அவையே, அங்கு மறைக்க வேண்டிய காதல் இல்லை, எனவே இரண்டாம் பொருள் இல்லை. பிற்காலக் கோவை நூல்களில் கட்டுவித்தியை வினாவுதல், வேலனை அழைத்தல், வெறி விலக்கல் எனச் சூழல் தனித்தனித் துறைகளாகப் பிரிந்தது. அடுத்து என்ன நிகழும் என்பது துறைவரிசையிலேயே தெரிந்துவிடுவதால் நகை மெலிந்தது எனலாம்.

வெறிபாடிய காமக்கண்ணியார்

வெறியைப் பாடியதாலேயே பெயர் பெற்ற இப்புலவரின் பாடல்களுள் அகநானூறு 22, 98 ஆகிய இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் படிக்க வேண்டும். முதற்பாடலில் தலைவி சிரிக்கிறாள், இரண்டாவதில் நடுங்குகிறாள். சூழல் ஒன்றே.

அகம் 22இல் முதுபெண்டிர் சொற்படி களம் அமைத்து, நள்ளிரவில் வேலன் ஆடுகிறான். அதே இரவில் சந்தனம் கமழத் தலைவன் வருகிறான். யானையை இரையாகத் தேடிப் பதுங்கிச் செல்லும் புலியைப் போல, காவலர் அறியாமல் மனைக்குள் புகுகிறான். நோய் தணிகிறது. வெளியே ஒரு தொடர்புமில்லாத வேலன் வருந்தி ஆடுவதைக் கண்டு தான் சிரித்ததைத் தலைவி தோழியிடம் கூறுகிறாள். மெய்ப்பாட்டியல் கூறும் அச்சத்தின் நிலைக்களன்களை இங்கு நினைவுகூர்க. அணங்கு: அவனது மலை அணங்கு உடையது, நோய் தந்ததும் அவன் மார்பே. விலங்கு: அவன் புலி. கள்வர்: அவன் காவல் கடந்து வருபவன். மூன்றும் ஒருவனிடத்தே குவிந்துள்ளன. (நான்காவதான தம் இறையையும் அவனிடம் வலிந்து பொருத்தத் தேவையில்லை, நயம் கருதி அவ்வாறு செய்வோர் இருக்கலாம்.) ஊர் அஞ்ச வேண்டியவை அனைத்தும் உருவெடுத்து வீட்டுக்குள் நுழைகின்றன, அவை நுழைந்ததால்தான் பெண்ணின் நோய் தீர்கிறது, அச்சத்தைப் போக்குவதற்கென நடக்கும் ஆட்டமோ வெளியே நடந்துகொண்டிருக்கிறது. தலைவியின் சிரிப்பு வேலனது நம்பிக்கையைப் பற்றியது எனின், அவன் ஆடத் தொடங்கியபோதே அவள் சிரித்திருக்கலாம். தலைவன் வந்தபின்தான் சிரிக்கிறாள். அச்சம் நீங்கியபின் எழுந்த சிரிப்பு அது.

அகம் 98இல் தலைவன் வரவில்லை. களம் அழகுற அமைந்துவிட்டது. வேலன் திறமை மிக்கவன் இயக்கும் பொறிப்பாவையைப் போல ஆடப்போகிறான். முன்னர்த் தாய் தன் மகளைப் பாவை போன்றவள் என்று எண்ணி அவள் அழகு மீள வேண்டும் எனப் பரவினாள். மகளும் பாவை, வேலனும் பாவை. இருவரையும் ஆட்டுவிப்பது வேறு ஏதோ ஒன்று. இந்நிலையில் தலைவி தோழியிடம் இரண்டு நிபந்தனைகளை அடுக்குகிறாள். வெறியாடிய பின்னும் என் மேனி பழைய பொலிவு பெறாவிட்டால், இம்மறை அலராகாமல் இருப்பது அரிது. அதுவன்றி, துன்பம் கண்டு இரங்கி நெடுவேள் அருள் செய்துவிட்டால், இவள் உற்ற நோய் வேறு காரணத்தால் வந்தது என நாடன் கேள்விப்படுவான். அதன்பின் நான் உயிர்வாழ்வது அதனினும் அரிது.

இவ்விரண்டாம் நிபந்தனை நம் கேள்விக்கு விடை தருகிறது. சடங்கு பலிக்காது என்பது முதலாவதன் அச்சம். பலித்துவிட்டால் என் செய்வது என்பது இரண்டாவதன் அச்சம். முதலாவது அரிது, இரண்டாவது அதனினும் அரிது. தெய்வத்தை நம்பாத ஒருத்திக்கு இரண்டாம் நிபந்தனையே எழாது. இவள் முருகனை நம்புகிறாள். அவன் இரக்கமுள்ளவன், தீர்க்க வல்லவன் என்றும் நம்புகிறாள். அந்த இரக்கம்தான் அவளுக்குப் பேரிடர். நோய் முருகனால் தீர்ந்தால், நோய் முருகனுடையது என்றாகிவிடும்; காதலுக்கு இருந்த ஒரே சான்று வாடிய மேனி, அதுவும் பறிபோகும். நோய் தீரக்கூடாது என வேண்டும் நோயாளியைக் காண்கிறோம். சூழலை மட்டும் சுருக்கிச் சொன்னால் இது முழு நகைச்சுவை. ஆனால் பாடலைப் படித்து யாரும் சிரிப்பதில்லை. அவள் அஞ்சுவது தெய்வத்தை அன்று. தன் காதலனது ஐயத்தை. வேலனைப் போலவே அவனும் ஒரு குறியைப் பார்த்து, தவறான காரணத்தைக் கண்டுபிடிக்கக்கூடும். மேனி தேறியது என்னும் செய்தியைக் கேட்டு அவன் பார்க்கப்போகும் குறி, கழங்கைவிடக் கொடியது. மூடநம்பிக்கை என்னும் சொல்லை இங்கு ஆள்வதாயின் அதனை வேலனுக்கு மட்டும் ஒதுக்குவது நேர்மையாகாது.

தாயைப் பற்றியும் ஒரு சொல். அப்பாடலில் குறி சொல்லும் பெண்டிர் பொய்யில் வல்லவர் எனப் பழிக்கப்படுகின்றனர். தாய் அவ்வாறு பழிக்கப்படவில்லை. அவள் செயலற்ற நெஞ்சினளாய் வினவினாள். என் மகள் பண்டுபோல் சிறக்க வேண்டும் என்று பரவினாள். அறியாமை அவளுடையது, அன்பும் அவளுடையது. நம் ஊர்களில் இன்றும் வயது வந்த பெண் உண்ணாமல் கிடந்தால் காற்றுக் கறுப்பு என்றும் பயந்த கோளாறு என்றும் சொல்லித் திருநீறு போட அழைத்துச் செல்லும் தாய்மார் உளர். அவ்வாறு அழைத்துச் செல்லப்பட்ட பெண்களுள் எத்தனை பேர் தோழி ஒருத்தி வாய்க்கப்பெற்றவர்? சங்கத் தலைவிக்கு அத்தோழி இருந்தாள். பெயரெச்சத்திலும் உம்மையிலும் படர்க்கைப் பெயரிலும் செய்தியை ஒளித்து வைக்கத் தெரிந்தவள். அவளது பேச்சில் ஒளிந்தது தாயின் செவிக்கு எட்டியதா, எட்டியபின் களத்தில் நின்ற மறியை அவிழ்த்துவிட்டார்களா என்பதை இப்பாடல்களுள் ஒன்றும் சொல்லவில்லை.